பாஸ்டன் தேயிலைக்கு முன்பே எரிந்த கப்பல்கள்

1764 ஜூலையில், அதாவது அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்துக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பு, ரோட் ஐலண்ட் காலனியின் நியூபோர்ட் துறைமுகத்தில் பீரங்கிச் சத்தம் கேட்டது. கோட் தீவில் இருந்த காலனியின் கோட்டை ஒரு கப்பலைக் குறிவைத்துச் சுட்டுக்கொண்டிருந்தது. அந்தக் கப்பல் பிரிட்டிஷ் அரசரின் கடற்படையைச் சேர்ந்த 'செயின்ட் ஜான்' என்ற ஸ்கூனர், அதாவது சிறிய பாய்மரக் கப்பல். சுடச் சொன்னவர்கள் கலகக்காரர்கள் என்றால்கூடப் புரிந்துகொள்ளலாம். காலனியின் ஆட்சிக்குழு உறுப்பினர்களே கையெழுத்திட்டு உத்தரவு கொடுத்திருந்தார்கள். கப்பல் ஆட்கள் ஊருக்குள் வந்து கோழியும் பன்றியும் திருடினார்கள் என்பது வெளியே சொன்ன காரணம். அந்த ஸ்கூனர் ஒரு கடத்தல் கப்பலை மடக்கியிருந்தது என்பது எல்லோருக்கும் தெரிந்த காரணம்.

அமெரிக்கப் புரட்சி என்றால் 1773 டிசம்பரில் பாஸ்டன் கடலில் கொட்டப்பட்ட தேயிலைதான் நம் நினைவுக்கு வரும். பள்ளிப் பாடத்தில் வரி வரும், பிரதிநிதித்துவம் வரும், தேயிலை வரும், கடற்படை வராது. ஆனால் அன்றைய துறைமுக ஊர்களில் பிழைத்தவர்களுக்குப் பேரரசின் முகம் எது என்று கேட்டால், நாடாளுமன்றத்தையோ மூன்றாம் ஜார்ஜையோ சொல்லியிருப்பார்கள் என்று தோன்றவில்லை. தங்கள் கப்பலில் துப்பாக்கியோடு ஏறி, சரக்கறையைத் திற என்று அதட்டிய ஏதோ ஒரு லெப்டினன்டைத்தான் சொல்லியிருப்பார்கள். லண்டன் செய்த தவறுகளில் மிகப் பெரியது வரி போட்டது இல்லை, அந்த வரியைக் காக்கக் கடற்படையைச் சுங்கக் காவலுக்கு அனுப்பியதுதான் என்பது என் எண்ணம். அதற்கு முன்பே கடற்படைமீது அங்கே தீராத கசப்பு இருந்தது.

ஆள் பிடித்த காலம்

பதினெட்டாம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் கடற்படைக்கு ஆள் போதவே போதாது. தேர்ந்த மாலுமிக்கு 28 நாள் மாதத்துக்கு 24 ஷில்லிங், சாதாரண மாலுமிக்கு 19 ஷில்லிங். 1650களில் முடிவான இந்தச் சம்பளம், 1797இல் கடற்படையினரே கலகம் செய்யும்வரை ஏறவில்லை. போர்க்காலத்தில் வணிகக் கப்பல்களில் இதைவிடப் பல மடங்கு கிடைத்தது. தானாக யார் வந்து சேருவார்கள்? ஆகவே பிடித்துக்கொண்டு போனார்கள். துறைமுகத்துச் சாராயக் கடைகளில் தடிகளோடு நுழைவார்கள். இல்லாவிட்டால் கடலில் வணிகக் கப்பலை நிறுத்தி, ஆட்களை வரிசையில் நிற்கவைத்துத் தேர்ந்தெடுப்பார்கள். மாதக்கணக்கில் கடலில் இருந்துவிட்டு ஊர் திரும்பும் கப்பலைக் கரைக்கு அருகே மடக்குவது அவர்களுக்கு வசதி. சொந்த ஊர் கண்ணில் தெரியும் தூரத்தில் ஒருவன் பிடிபடுவான். அப்புறம் எப்போது விடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது.

இதில் ஒரு சட்டச் சிக்கலும் இருந்தது. ஆனி அரசியின் காலத்தில், 1708இல் வந்த ஒரு சட்டம் அமெரிக்கக் கடற்பகுதியில் மாலுமிகளைக் கட்டாயமாகப் பிடிக்கக்கூடாது என்றது. அது அன்றைய போர் முடிந்ததும் காலாவதியாகிவிட்டது என்றது கடற்படை. இன்னும் செல்லும் என்றார்கள் காலனிக்காரர்கள். 1746இல் நாடாளுமன்றம் மேற்கிந்தியச் சர்க்கரைத் தீவுகளுக்கு மட்டும் புதிதாகப் பாதுகாப்புக் கொடுத்தது, வட அமெரிக்கக் காலனிகளை விட்டுவிட்டது. சர்க்கரைத் தோட்ட முதலாளிகளுக்கு லண்டனில் இருந்த செல்வாக்கு பாஸ்டன் வணிகர்களுக்கு இல்லை.

மறு ஆண்டே வெடித்தது. 1747 நவம்பரில் கமடோர் சார்லஸ் நோல்ஸின் கப்பல்கள் பாஸ்டனுக்கு வெளியே நங்கூரமிட்டிருந்தன. அவருடைய மாலுமிகள் பலர் தப்பி ஓடிவிட்டார்கள். குறையை ஈடுகட்ட, 17ஆம் தேதி விடியும் முன்பே துறைமுகத்துக்குள் படகுகளை அனுப்பி 46 பேரைப் பிடித்தார். பொழுது விடிந்ததும் ஊர் திரண்டது. ஆயிரக்கணக்கானோர் கரையில் இருந்த கடற்படை அதிகாரிகளைப் பிணையாகப் பிடித்துக்கொண்டார்கள். ஆளுநர் வில்லியம் ஷெர்லி ஊர்க்காவல் படையை அழைத்தார். அந்தப் படைக்கு ஆள் வரவேண்டியதும் இதே ஊரிலிருந்துதான், யாரும் வரவில்லை. ஆளுநர் துறைமுகத் தீவில் இருந்த காசில் வில்லியம் கோட்டைக்குப் போய்விட்டார். ஊரைப் பீரங்கியால் தகர்ப்பேன் என்று நோல்ஸ் மிரட்டினார். மூன்று நாள் இழுபறிக்குப் பிறகு, பிடிபட்டவர்களில் பெரும்பாலோரை விட்டுவிட்டுக் கப்பல்கள் கிளம்பின.

பிறகு கூடிய நகரக் கூட்டம், கலகம் செய்தவர்கள் வெளியூர் மாலுமிகளும் வேலையாட்களும் கறுப்பர்களும்தான், எங்களுக்குச் சம்பந்தமில்லை என்று தீர்மானம் போட்டது. கனவான்கள் கழன்றுகொண்டார்கள். ஆனால் அவர்களுக்கும் பாதிப்பு இருந்தது. ஆள் பிடிக்கிறார்கள் என்ற பேச்சு பரவினாலே விறகும் உணவுப்பொருளும் ஏற்றிவரும் சிறு படகுகள் பாஸ்டன் பக்கம் தலைகாட்டாது. குளிர்காலம் தொடங்கும் நேரத்தில் விறகு விலை ஏறினால் அது கூலிக்காரனின் பிரச்சினை மட்டும் இல்லை. அடுத்த ஆண்டு ஒரு பத்திரிகை, தன்னைக் காத்துக்கொள்ள மக்கள் திரண்டு எதிர்ப்பது நியாயமே என்று எழுத ஆரம்பித்தது. அதை நடத்திய இளைஞர் குழுவில் சாமுவேல் ஆடம்ஸ் ஒருவர்.

சுங்கக்காரரான கேப்டன்

1763இல் ஏழாண்டுப் போர் முடிந்தது. அதே போரின் ஒரு பகுதியாகத்தான் இங்கே 1760இல் வந்தவாசியில் பிரெஞ்சுக்காரர்கள் தோற்றார்கள், மறு ஆண்டு புதுச்சேரி விழுந்தது. பிரிட்டன் எல்லாப் பக்கமும் வென்றிருந்தது. கூடவே 12 கோடிப் பவுண்டுக்கும் மேல் கடனும் சேர்ந்திருந்தது. பிரதமர் ஜார்ஜ் கிரென்வில் கணக்கைப் பார்த்தார். அமெரிக்கத் துறைமுகங்களில் ஆண்டுக்குச் சுமார் 2,000 பவுண்ட் சுங்கம் வசூலிக்க, 7,000 முதல் 8,000 பவுண்ட் செலவாகிக்கொண்டிருந்தது.

லண்டனின் எரிச்சலில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. போர் நடந்துகொண்டிருந்தபோதே காலனி வணிகர்கள் பிரெஞ்சுத் தீவுகளோடு வியாபாரம் செய்தார்கள். கைதிகளைப் பரிமாறிக்கொள்ளப் போகிறோம் என்று சமாதானக் கொடி கட்டி ஒரு கப்பல் கிளம்பும். உள்ளே பேருக்கு ஒன்றிரண்டு பிரெஞ்சுக் கைதிகள், மிச்சமெல்லாம் சரக்கு. ரோட் ஐலண்ட்காரர்கள் இதில் கைதேர்ந்தவர்கள்.

அவர்கள் தரப்புக் கணக்கு வேறு. ரோட் ஐலண்டில் விளைநிலம் குறைவு, பிழைப்பு முழுக்கக் கடலில். சர்க்கரை காய்ச்சியபின் மிஞ்சும் மொலாசஸைத் தீவுகளிலிருந்து வாங்கி, ரம் காய்ச்சி விற்றார்கள். 1764இல் அந்தக் காலனி லண்டனுக்கு அனுப்பிய முறையீடு இதை ஒளிக்காமல் சொல்கிறது: 30க்கும் மேற்பட்ட வடிசாலைகள், ஆண்டுக்கு 14,000 பெரிய பீப்பாய் மொலாசஸ் இறக்குமதி, அதில் பிரிட்டிஷ் தீவுகளிலிருந்து வருவது 2,500தான். மீதியில் பெரும்பகுதி பிரெஞ்சுத் தீவுகளிலிருந்து வந்தது. 1733ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்நிய மொலாசஸுக்குக் காலனுக்கு 6 பென்ஸ் வரி. அதைக் கட்டினால் தொழிலே நிற்காது. ஆகவே யாரும் கட்டவில்லை. சுங்க அதிகாரிக்கு ஒரு சிறு தொகை போகும், கப்பல் உள்ளே வரும். இப்படியே முப்பது ஆண்டு ஓடிவிட்டது. அந்த ரம்மில் ஒரு பங்கு ஆப்பிரிக்கக் கரைக்குப் போய், அடிமைகளாக மாறித் திரும்பியது என்பதையும் அதே முறையீடு வெட்கமில்லாமல் ஒரு நியாயமாக அடுக்குகிறது. இந்தக் கதையில் சுதந்திரம் பேசும் பலருடைய பணப்பெட்டி அப்படி நிறைந்ததுதான்.

கிரென்வில் மொலாசஸ் வரியை 3 பென்ஸாகப் பாதியாக்கினார், ஆனால் இந்த முறை வசூலித்தே தீருவேன் என்றார். 1763இல் வந்த சட்டம் போர்க்கப்பல் அதிகாரிகளுக்குச் சுங்க அதிகாரத்தைக் கொடுத்தது. கடலில் பிடிக்கும் கப்பலையும் சரக்கையும் விற்றுவரும் தொகையில் பாதி அரசருக்கு, பாதி பிடித்தவர்களுக்கு. வசூலாகும் அபராதத்தில் பாதி உனக்கு என்று சொல்லிப் போக்குவரத்துக் காவலரைச் சந்தியில் நிறுத்தினால் என்ன நடக்குமோ, அதுதான் நடந்தது. போர் முடிந்ததால் பதவி உயர்வும் கொள்ளைப் பங்கும் இல்லாமல் கிடந்த இளம் லெப்டினன்டுகளுக்கு இது பெரிய வாய்ப்பு. கரைக்கு ஒட்டிய ஆழமில்லாத நீரில் ஓடவேண்டும் என்பதற்காகக் கடற்படை 1764இல் அமெரிக்காவிலேயே சிறிய ஸ்கூனர்களை வாங்கியது. முதலில் சொன்ன 'செயின்ட் ஜான்' அவற்றில் ஒன்று. 'காஸ்பி' இன்னொன்று.

பிடிபட்ட கப்பலின் வழக்கு, கடல் வழக்குகளை விசாரிக்கும் அட்மிரால்டி நீதிமன்றத்துக்குப் போகும். அங்கே ஜூரி கிடையாது. இதுதான் முக்கியம். உள்ளூர் நீதிமன்றத்தில் பன்னிரண்டு ஊர்க்காரர்கள் உட்கார்ந்தால் எந்தக் கடத்தல்காரனும் தண்டனை பெறமாட்டான் என்பது லண்டனுக்குத் தெரியும். ஊர்க்காரர்களுக்கும் தெரியும், அதனால்தான் ஜூரியை அவ்வளவு இறுகப் பிடித்துக்கொண்டார்கள். 1764ஆம் ஆண்டுச் சட்டப்படி, சரக்குக்கு உரிமை கோரும் உரிமையாளர் முதலில் 60 பவுண்ட் பிணைத்தொகை கட்டவேண்டும், குற்றமில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பும் அவருடையது. வழக்கில் அவர் வென்றாலும், பிடித்ததற்கு முகாந்தரம் இருந்தது என்று நீதிபதி சான்று எழுதிவிட்டால் அதிகாரியிடம் நஷ்டஈடு கேட்க முடியாது.

ஒரே கப்பல், ஒரே லெப்டினன்ட் சுங்கமும் பார்த்தார், ஆளும் பிடித்தார். 1765இல் 'மெய்ட்ஸ்டோன்' போர்க்கப்பல் நியூபோர்ட்டில் வாரக்கணக்கில் ஆள் பிடித்தது. ஆப்பிரிக்காவிலிருந்து திரும்பிய ஒரு கப்பலின் மாலுமிகள் மொத்தமும் ஊருக்குள் கால்வைக்கும் முன்பே பிடிபட்டார்கள். ஜூன் மாதம் சுமார் 500 பேர் கொண்ட கூட்டம் அந்தப் போர்க்கப்பலின் படகைக் கரையிலிருந்து இழுத்து, தெரு வழியாக ஊர்ப் பொதுத்திடலுக்குக் கொண்டுபோய்க் கொளுத்தியது.

பாஸ்டன்: மதுவும் ஈட்டியும்

1767இல் அமெரிக்காவுக்கென்று தனிச் சுங்க ஆணையம் பாஸ்டனில் அமைந்தது. மறு ஆண்டே அது போர்க்கப்பல் துணை கேட்டது. 50 பீரங்கி கொண்ட 'ராம்னி' வந்து சேர்ந்தது. வந்ததும் துறைமுகத்திலேயே ஆள் பிடிக்க ஆரம்பித்தது. 1768 ஜூன் 10 அன்று, ஜான் ஹான்காக் என்ற பெரும் வணிகரின் 'லிபர்ட்டி' கப்பலைச் சுங்க அதிகாரிகள் பறிமுதல் செய்தார்கள். மே மாதம் மடீரா மது ஏற்றிவந்தபோது 25 பீப்பாய்க்கு மட்டும் கணக்குக் காட்டினார்கள், மீதியை இரவோடு இரவாக இறக்கிவிட்டார்கள் என்பது குற்றச்சாட்டு. காவலுக்கு இருந்த சுங்க ஊழியர், என்னைக் கீழே அடைத்துப் பூட்டிவிட்டார்கள் என்று ஒரு மாதம் கழித்துச் சொன்னார்.

பறிமுதலோடு நின்றிருந்தால் வாய்ச்சண்டையோடு போயிருக்கலாம். 'ராம்னி'யிலிருந்து ஆயுதமேந்திய மாலுமிகள் வந்து, கப்பலைக் கரையிலிருந்து அவிழ்த்து, போர்க்கப்பலின் பீரங்கிகளுக்குக் கீழே இழுத்துக்கொண்டு போனார்கள். கரையில் கூடியிருந்தவர்களில் பலர் அந்த வாரங்களில் 'ராம்னி'க்குப் பயந்து ஒளிந்து திரிந்தவர்கள். சுங்க அதிகாரிகளுக்கு அடி விழுந்தது, ஒருவருடைய உல்லாசப் படகு தீயில் போனது. ஆணையர்கள் ஓடிப்போய் அதே 'ராம்னி'யில் அடைக்கலம் புகுந்தார்கள். ஊரை அடக்கப் படை வேண்டும் என்ற பேச்சு வலுத்து, அக்டோபர் 1 அன்று சிப்பாய்கள் பாஸ்டனில் இறங்கினார்கள். 1770 மார்ச் 5 அன்று அவர்கள் சுட்டதில் ஐந்து பேர் இறந்தார்கள். முதலில் விழுந்த கிறிஸ்பஸ் அட்டக்ஸ் ஒரு மாலுமி. 'லிபர்ட்டி'யைச் சுங்கத் துறையே தன் ரோந்துக் கப்பலாக்கியது. அதை 1769 ஜூலையில் நியூபோர்ட் மக்கள் கொளுத்திவிட்டார்கள்.

அதே 1769 ஏப்ரலில் நடந்த ஒரு சம்பவம் அதிகம் பேசப்படாதது, எனக்கு முக்கியமாகப் படுவது. ஸ்பெயினின் காடிஸிலிருந்து உப்பு ஏற்றிக்கொண்டு மாசசூசெட்ஸின் மார்பிள்ஹெட் துறைமுகத்துக்குத் திரும்பிய 'பிட் பாக்கெட்' கப்பலை 'ரோஸ்' போர்க்கப்பல் மடக்கியது. கடத்தல் சரக்கு தேடுகிறேன் என்று ஏறிய லெப்டினன்ட் ஹென்றி பான்டன், உண்மையில் ஆட்களைத் தேடினார். நான்கு மாலுமிகள் கப்பலின் முன்பக்கத்து இடுக்கில் பதுங்கி, கையில் கிடைத்ததை ஆயுதமாக வைத்துக்கொண்டு வர மறுத்தார்கள். பான்டன் நெருங்கியபோது மைக்கேல் கார்பெட் என்ற மாலுமி மீன்பிடி ஈட்டியை அவர் கழுத்தில் பாய்ச்சினார். அவர் இறந்துபோனார்.

வழக்கு பாஸ்டனில் சிறப்பு நீதிமன்றத்தின் முன் வந்தது. ஆளுநரும் கடற்படைத் தளபதியும் அதில் நீதிபதிகள். மாலுமிகளுக்காக வாதாடியவர், பிற்பாடு அமெரிக்காவின் இரண்டாவது ஜனாதிபதியான ஜான் ஆடம்ஸ். அந்த 1708ஆம் ஆண்டுச் சட்டம் அச்சாகியிருந்த தொகுதியை மேசையில் வைத்துக்கொண்டு தயாராக நின்றார். அவரை முழுதாகப் பேசவிடாமலேயே நீதிமன்றம் எழுந்து போய், திரும்பி வந்து, தற்காப்புக்காகச் செய்த கொலை, குற்றமில்லை என்று விடுவித்துவிட்டது. ஆள் பிடிப்பது சட்டப்படி செல்லுமா என்ற கேள்விக்கு எழுத்தில் பதில் சொல்ல அவர்களுக்கு விருப்பமில்லை என்று ஆடம்ஸ் நினைத்தார். கிழவராகும்வரை அதைச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

காஸ்பி

இனி ரோட் ஐலண்டின் நாரகான்செட் விரிகுடா. லெப்டினன்ட் வில்லியம் டடிங்ஸ்டன் 1772 தொடக்கத்தில் 'காஸ்பி'யோடு அங்கே வந்தார். ஸ்காட்லாந்துக்காரர், கறார் பேர்வழி. பெரிய கப்பல், சந்தைக்குப் போகும் சிறு படகு என்று வித்தியாசம் பார்க்காமல் எல்லாவற்றையும் நிறுத்தினார். கரையோர விவசாயிகள் அவருடைய ஆட்கள் ஆடு, பன்றியைக் கொண்டுபோகிறார்கள், விறகுக்குப் பழமரத்தை வெட்டுகிறார்கள் என்று புகார் சொன்னார்கள். பிப்ரவரியில் கிரீன் குடும்பத்தின் ரம்மைப் பிடித்தபோது, அதை ரோட் ஐலண்டில் வழக்காட விடாமல் பாஸ்டனுக்கு அனுப்பிவிட்டார். உள்ளூர் நீதிமன்றத்தின் லட்சணம் அவருக்குத் தெரியும். ஆனால் சட்டப்படி அது கேள்விக்குரியது, கிரீன் குடும்பம் அவர்மேல் வழக்குப் போட்டது. அந்தக் குடும்பத்தின் நதானியேல் கிரீன் பிற்பாடு வாஷிங்டனின் தலைசிறந்த தளபதிகளில் ஒருவரானவர்.

ரோட் ஐலண்டின் நிலை மற்ற பெரும்பாலான காலனிகளிலிருந்து வேறு. 1663ஆம் ஆண்டு அரச சாசனப்படி அதன் ஆளுநரை மக்களே தேர்ந்தெடுத்தார்கள். லண்டனுக்குப் பயப்பட வேண்டிய அவசியம் ஆளுநர் ஜோசப் வான்டனுக்கு இல்லை. ஊர் வணிகர்களைப் பகைத்துக்கொள்ளத்தான் முடியாது. காலனியின் தலைமை நீதிபதி ஸ்டீபன் ஹாப்கின்ஸ், ஆளுநரிடம் அதிகாரப் பத்திரத்தைக் காட்டாத எந்தக் கடற்படை அதிகாரிக்கும் இங்கே அதிகாரம் இல்லை என்று கருத்துச் சொன்னார். வான்டன் பத்திரத்தைக் கேட்டார். டடிங்ஸ்டன் கடிதத்தைப் பாஸ்டனில் இருந்த அட்மிரல் ஜான் மான்டகுவுக்கு அனுப்பிவிட்டார். மான்டகுவின் பதிலில் மரியாதை மருந்துக்கும் இல்லை. சுங்க வேட்டையைத் தடுக்க யாராவது ஆயுதக் கப்பலோடு வந்து மாட்டினால் கடற்கொள்ளையர்களாகத் தூக்கில் போடுவேன் என்றார். என் காலனியை எப்படி ஆளவேண்டும் என்று அட்மிரலிடம் நான் உத்தரவு வாங்குவதில்லை என்று வான்டன் திருப்பி எழுதினார். இந்தக் கடிதங்களைப் படிக்கும்போது, அதிகாரம் யாருடையது என்ற தகராறு துப்பாக்கி வெடிப்பதற்கு முன்பே முற்றிப்போயிருந்தது தெரிகிறது.

ஜூன் 9 மதியம் நியூபோர்ட்டிலிருந்து பிராவிடன்ஸுக்குக் கிளம்பிய 'ஹன்னா' என்ற சிறு கப்பலை 'காஸ்பி' துரத்தியது. 'ஹன்னா'வின் தலைவர் பெஞ்சமின் லிண்ட்ஸிக்கு அந்த நீர் அத்துபடி. நாம்க்விட் முனையை ஒட்டிக் கப்பலைத் திருப்பி நழுவிவிட்டார். பின்னால் வந்த 'காஸ்பி' மணல்திட்டில் தரைதட்டி நின்றது. கடல் வற்றிக்கொண்டிருந்த நேரம். நள்ளிரவு தாண்டி நீர் ஏறும்வரை அது நகராது. மாலை லிண்ட்ஸி பிராவிடன்ஸ் போய்ச் சேர்ந்ததும் நேரே ஜான் பிரவுனிடம் சொன்னார். ஊரின் பெரிய வணிகர் பிரவுன். அடிமை வியாபாரத்திலும் கைவைத்தவர். 1797இல், அமெரிக்காவின் அடிமை வணிகத் தடைச் சட்டத்தை மீறியதற்காக நீதிமன்றம் ஏறியவர். தெருவில் முரசு அடித்து, 'காஸ்பி' மாட்டிக்கொண்டது, வருகிறவர்கள் சேபின் விடுதிக்கு வரலாம் என்று அறிவித்தார்கள். ரகசியம் காக்கவேண்டும் என்ற எண்ணமே யாருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை.

இரவு, துடுப்புச் சத்தம் கேட்காதபடி துணி சுற்றி, எட்டுப் படகுகள் கிளம்பின. தலைமை ஆபிரகாம் விப்பிள் என்ற கப்பல் தலைவருடையது. நள்ளிரவைத் தாண்டி நெருங்கியபோது, சட்டையோடு மேல்தளத்துக்கு ஓடிவந்த டடிங்ஸ்டன் யார் என்று கேட்டார். கென்ட் மாவட்ட ஷெரீப், உன்னைக் கைது செய்ய வாரண்டோடு வந்திருக்கிறேன் என்று விப்பிள் கத்தினாராம். அவர் ஷெரீப் இல்லை. ஆனாலும் பொய்யைக்கூடச் சட்டத்தின் மொழியில் சொல்லத் தோன்றியது பாருங்கள். ஒரு குண்டு டடிங்ஸ்டனின் கையையும் தொடையிடுக்கையும் துளைத்தது. வந்தவர்களில் இருந்த ஒரு மருத்துவ மாணவரே காயத்துக்குக் கட்டுப் போட்டார். மாலுமிகளைக் கரையில் இறக்கிவிட்டுக் கப்பலுக்குத் தீ வைத்தார்கள். குண்டுக் காயத்தோடு கிடந்த டடிங்ஸ்டனுக்கு, கிரீன் குடும்பத்தின் வழக்கில் நிஜமான ஷெரீபே கைது ஆணையைக் கொண்டுவந்தார். தீர்ப்பும் அந்தக் குடும்பத்துக்குச் சாதகமாக வந்தது.

யாருக்கும் தெரியாத குற்றவாளிகள்

அரசரின் கப்பலை ஆயுதமேந்தித் தாக்கியது அரச துரோகம் என்பது லண்டன் சட்ட அதிகாரிகளின் கருத்து. விசாரணைக்கு ஐவர் ஆணையம் அமைந்தது: ஆளுநர் வான்டன், நியூயார்க், நியூஜெர்சி, மாசசூசெட்ஸ் காலனிகளின் தலைமை நீதிபதிகள், பாஸ்டன் அட்மிரால்டி நீதிபதி. தகவல் தருவோருக்கு 500 பவுண்ட், தலைவர்களைக் காட்டிக்கொடுத்தால் 1,000 பவுண்ட் என்று பரிசு அறிவித்தார்கள். முரசு அடித்து ஆள் சேர்த்த ஊரில் ஒருவருக்கும் ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.

பெயர் சொன்னது ஒரே ஒருவன். ஆரன் பிரிக்ஸ் என்ற கறுப்பின இளைஞன், விரிகுடாவின் பிரூடன்ஸ் தீவில் ஒப்பந்தத்தின்கீழ் உழைத்துக்கொண்டிருந்தவன். அங்கிருந்து தப்பி ஒரு போர்க்கப்பலில் ஏறியவன், அன்றிரவு படகு வலித்தேன் என்று சொல்லி, ஜான் பிரவுன் உட்படச் சிலரைக் காட்டினான். அவன் அன்றிரவு வீட்டில் தூங்கினான் என்று அவனுடைய எஜமானர் தரப்பு சத்தியம் செய்தது. போர்க்கப்பல் கேப்டன் மிரட்டி வாங்கிய வாக்குமூலம் என்று ஆணையம் அதை ஒதுக்கியது. பிரவுன் அதில் இருந்தார் என்பது பிறகு எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம். சுதந்திரத்துக்காகத் திரண்ட ஊர் அந்த இளைஞனின் வாயை எவ்வளவு எளிதாக அடைத்தது என்பதையும் இந்தக் கதையில் சேர்த்துத்தான் சொல்லவேண்டும். 1773 ஜூனில் ஆணையம் வெறுங்கையோடு கலைந்தது.

ஆனால் ஆணையத்துக்கு லண்டன் கொடுத்த உத்தரவில் இருந்த ஒரு வரி காலனிகள் முழுக்கப் பரவியது: குற்றம் சாட்டப்பட்டவர்களை விசாரணைக்கு இங்கிலாந்துக்கு அனுப்பவேண்டும். சாட்சி, ஜூரி, சொந்தபந்தம் எல்லாவற்றையும் விட்டு 3,000 மைலுக்கு அப்பால் உயிருக்குப் போராடவேண்டும். பாஸ்டன் சண்டையை எங்கோ நடப்பதாகப் பார்த்துக்கொண்டிருந்த வர்ஜீனியா தோட்ட முதலாளிகளுக்கு இது உறைத்தது. 1773 மார்ச் 12 அன்று வர்ஜீனியா சட்டமன்றம், மற்றக் காலனிகளோடு கடிதத் தொடர்பு வைத்துக்கொள்ள 11 பேர் குழுவை நியமித்தது. பேட்ரிக் ஹென்றியும் ஜெஃபர்சனும் அதில் இருந்தார்கள். ரோட் ஐலண்ட் விசாரணை ஆணையத்தைப் பற்றித் தகவல் திரட்டுவது அதற்கு இட்ட முதல் வேலைகளில் ஒன்று. ஒரு வருடத்துக்குள் பெரும்பாலான காலனிகளில் இப்படிக் குழுக்கள் வந்துவிட்டன. டிசம்பரில் தேயிலை கடலில் விழுந்தபோதும், 1774 ஜூன் 1 முதல் போர்க்கப்பல்களை நிறுத்திப் பாஸ்டன் துறைமுகத்தை மூடியபோதும், செய்தி பரவியது இந்த வலையின் வழியாகத்தான். தேயிலைக் கதை எல்லோருக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன்.

1774 இறுதியில் 'ரோஸ்' கப்பல் கேப்டன் ஜேம்ஸ் வாலஸ் தலைமையில் நியூபோர்ட்டுக்கு வந்து, கடத்தலை ஏறக்குறைய நிறுத்தியே விட்டது. வேலையிழந்தவர்கள் ஊரைவிட்டுக் கிளம்பினார்கள். 1775 ஜூனில் ரோட் ஐலண்ட் 'கேட்டி' என்ற கப்பலை எடுத்துத் தன் சொந்தக் கடற்படையைத் தொடங்கியது. அதற்குத் தலைவர் வேறு யார், விப்பிள்தான். ஆகஸ்டில் அதே காலனி, எல்லாக் காலனிகளும் சேர்ந்து ஒரு கடற்படை அமைக்கவேண்டும் என்று, காலனிகளின் பிரதிநிதிகள் கூடிய காங்கிரஸ் சபையைக் கேட்டது. அக்டோபர் 13 அன்று காங்கிரஸ் கப்பல்களுக்கு ஒப்புதல் தந்தது. ஐந்து நாள் கழித்து ஹென்றி மோவாட் என்ற பிரிட்டிஷ் அதிகாரி ஃபால்மவுத் ஊரைக் குண்டு வீசி எரித்தார். இன்றைய மெய்ன் மாநிலத்துப் போர்ட்லண்ட் அது. தயங்கிக்கொண்டிருந்தவர்களில் பலருக்குத் தயக்கம் போனது.

அந்த 1775இலேயே நாடாளுமன்றம் ஆனி அரசி காலத்து ஆள்பிடிப்புத் தடையை வெளிப்படையாக ரத்து செய்தது. இத்தனை காலம் காலாவதியான சட்டம் என்று சொன்னதை எதற்கு ரத்து செய்யவேண்டும்? டிசம்பரில் வந்த தடைச் சட்டம் இன்னும் கடுமை. காலனிகளோடு எந்த வணிகமும் கூடாது; அவற்றின் கப்பல்களைப் பகைநாட்டுக் கப்பல்களைப்போலக் கைப்பற்றலாம்; கிடைப்பது பிடித்தவர்களுக்கே; பிடிபடும் மாலுமிகளை அரசரின் கப்பல்களில் சேர்த்துக்கொள்ளலாம். பழைய இரண்டு கசப்பும் ஒரே சட்டத்தில் சேர்ந்துவிட்டன. கார்பெட்டுக்காக வாதாடிய அதே ஜான் ஆடம்ஸ், இதைத் தடைச் சட்டம் என்றோ கொள்ளைச் சட்டம் என்றோ விடுதலைச் சட்டம் என்றோ எப்படி வேண்டுமானாலும் அழைக்கலாம் என்று 1776 மார்ச்சில் ஒரு தளபதிக்கு எழுதினார். ஜூலையில் வந்த பிரகடனத்தின் குற்றப்பட்டியலில், நடுக்கடலில் பிடிபட்டவர்களைச் சொந்த நாட்டுக்கு எதிராகவே ஆயுதம் ஏந்த வைத்தது, ஜூரியைப் பறித்தது, கடல் கடந்து இழுத்துப்போய் விசாரிப்பது எல்லாம் வரிசையாக இருக்கின்றன.

மறு ஆண்டே புதிய அமெரிக்கக் கடற்படைக்கும் ஆள் போதவில்லை. 1777இல் பால்டிமோரில் 'வர்ஜீனியா' என்ற போர்க்கப்பலின் கேப்டன் ஜேம்ஸ் நிக்கல்சன் சுமார் முப்பது பேரைக் கட்டாயமாகப் பிடித்துக் கப்பலில் ஏற்றினார். மேரிலாண்ட் ஆளுநர் தாமஸ் ஜான்சன் ஆட்சேபித்தார். நிக்கல்சன் அவருக்குத் திமிராகப் பதில் எழுதினார். காங்கிரஸ் அவரைப் பணியிடைநீக்கம் செய்து, பிடித்தவர்களை விடுவிக்கச் சொன்னது. ஆளுநரிடம் வருத்தம் தெரிவித்தபின் அவருக்குக் கப்பலைத் திருப்பிக் கொடுத்தார்கள்.